ஆடும் நாற்காலிக்கு வளைகால்: அறுப்பதா, அடுக்குவதா, ஒட்டி வளைப்பதா?

எங்கள் திண்ணையில் கிடக்கும் ஆடும் நாற்காலி தாத்தா காலத்துத் தேக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் அதன் இடதுபக்க வளைகால் வெடித்துப் போனது. வளைகால் என்று நான் சொல்வது, படகின் அடிப்பக்கம் போல வளைந்து தரையில் உருளுமே, அந்தக் கட்டையை. என்னிடம் ஒரு ஜிக்சா (வளைவாக அறுக்கும் கை மின்ரம்பம்), ஒரு கை டிரில், அப்பாவின் இழைப்புளி, நாலைந்து உளி, ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்க ஆறு கிளாம்பு இருந்தன. கொல்லையில் ஒரு பூவரசம் பலகை சாத்தியிருந்தது. பழைய காலை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, ஜிக்சாவை ஓட்டி, இழைத்து, உப்புத்தாள் தேய்த்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் சேரன்மகாதேவியிலிருந்து வந்த மச்சான் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதில் சாய்ந்தார். வளைகாலின் பின்நுனி படக்கென்று போனது. நல்லவேளையாகப் பின்னால் சுவர் இருந்தது.

உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால், கட்டை குறுக்கே முறியவே இல்லை. நாலைந்து இஞ்ச் நீளத்துக்குச் சாய்வாக, இளநீர் சீவினாற்போல, வழுவழுவென்று விலகியிருந்தது. ஒரு சிம்பு கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளவயதில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்தவர். துண்டைக் கையில் வாங்கி ஒரு தரம் பார்த்தார். “என்னவே, நார அறுத்துட்டு வளைவ மட்டும் வச்சிருக்கீரு?” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் இரண்டு ஜோடி கால் செய்துவிட்டேன், இரண்டு வேறு வழிகளில். அதனால் இந்த மாதிரி வளைவான பாகம் உடைந்தவர்கள் என்னிடம் கேட்க வருகிறார்கள். இப்போது மூன்று பேர் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். பேட்டையில் ஒரு தம்பி, ஜிக்சாவும் நாலு கிளாம்பும் வைத்திருக்கிறார். கல்லிடைக்குறிச்சியில் ஓர் அக்கா, அவர் வீட்டு நாற்காலி பார்வைக்காக முன்னறையில் நிற்பது. வள்ளியூரில் ஓர் அண்ணாச்சி, அவரிடம் கைரம்பமும் இழைப்புளியும்தான். மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## முதலில் அளவு, அப்புறம் எதைப் பார்ப்பது

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக ஓர் அளவை வைத்துக்கொள்வோம். நீளம் 30 இஞ்ச், உயரம் 2 இஞ்ச், கனம் ஒன்றரை இஞ்ச், வளைவின் ஆரம் 42 இஞ்ச், அதாவது மூன்றரை அடி. இந்த அளவுக்கு நடுப்பகுதி தரையில் பட்டால் இரண்டு நுனியும் தரையிலிருந்து சுமார் இரண்டே முக்கால் இஞ்ச் எழும்பி நிற்கும். உங்கள் நாற்காலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். கணக்கு பெரிதாக மாறாது.

முதலில் பார்க்க வேண்டியது நார் எப்படி ஓடுகிறது என்பதுதான். நான் தோற்ற இடம் அது. விறகு பிளந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாரோடு கோடரி இறங்கினால் ஒரே போடு, குறுக்கே இறங்கினால் கை வலிதான் மிச்சம். நேரான பலகையில் வளைவை அறுத்தால் நடுவில் நார் கட்டையோடு ஓடும். நுனிக்குப் போகப் போக வளைவு மேலே திரும்பும், நார் நேராகவே போய் விளிம்பில் அறுபடும். மேலே சொன்ன அளவில் நுனியில் இரண்டுக்கும் இடையே சுமார் 20 டிகிரி விழுகிறது. அதாவது இரண்டரை இஞ்ச் போவதற்குள் நார் ஓர் இஞ்ச் விலகிவிடுகிறது. ஐந்துக்கு ஒன்று என்ற சரிவிலேயே மரத்தின் வளைவு தாங்கும் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது சோதித்துப் பார்த்த கணக்கு. இரண்டரைக்கு ஒன்றில் என்ன மிஞ்சும் என்பதை மச்சானிடம் கேட்கலாம்.

அடுத்தது கருவி. வளைவை வெட்டுவதற்கு என்ன வேண்டும் என்று மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஒட்டும்போது எத்தனை கிளாம்பு வேண்டும் என்பது பசை பூசிய பிறகுதான் ஞாபகம் வரும். மரமும் சேதாரமும் மூன்றாவது. நேரத்தில் இரண்டு வகை உண்டு: கை வேலை நேரம் ஒன்று, காயக் காத்திருக்கும் நேரம் இன்னொன்று. கடைசியாக, ஓர் இடத்தில் தப்பினால் அங்கே மட்டும் திருத்த முடியுமா, அல்லது மொத்தமும் விறகா? புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும் ஒரு மறைமுகச் செலவு உண்டு. உடைந்தது ஒரு கால்தான் என்றாலும் ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். பழைய கால் ஐம்பது வருஷம் தரையில் தேய்ந்திருக்கும். புதியது அதற்கு ஒத்துப்போகாது, நாற்காலி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரும். கீழே மரக்கணக்கெல்லாம் ஜோடிக்குத்தான்.

## ஒரே பலகையில் அறுத்தெடுப்பது

நான் செய்தது இதுதான், ஆனால் தப்பாகச் செய்தேன். வழியே தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றரை இஞ்ச் கனம், 7 இஞ்ச் அகலம், 32 இஞ்ச் நீளத்தில் ஒரு பலகை இருந்தால் இரண்டு காலையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடு போட்டு எடுத்துவிடலாம். கன அடிக் கணக்கில் 0.2 வரும். ஒரு காலுக்கு மட்டும் என்றால் 5 இஞ்ச் அகலம் வேண்டியிருக்கும். அதனால் ஜோடியாக எடுப்பதே லாபம்.

கருவி என்று பார்த்தால் ஜிக்சா போதும், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒன்றரை இஞ்ச் கட்டையில் வளைத்து ஓட்டும்போது பிளேடின் அடிநுனி கோட்டை விட்டுச் சாயும். மேலே கோட்டில் போகிறோம் என்று சந்தோஷமாகத் தள்ளுவோம். திருப்பிப் பார்த்தால் அடியில் மூன்று மில்லிமீட்டர் உள்ளே தின்றிருக்கும். கோட்டுக்கு வெளியே மூன்று மில்லி விட்டு மெதுவாக அறுத்து, மிச்சத்தை அரத்தாலும் இழைப்புளியாலும் எடுப்பதுதான் வழி. கைரம்பம் மட்டும் உள்ளவர்கள் கோடு வரைக்கும் இஞ்சுக்கு ஒரு குறுக்கு வெட்டுப் போட்டு, இடையில் உள்ளதை உளியால் தட்டி எடுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வேலை சுத்தமாக வரும்.

நாருக்கு என்ன செய்வது? பலகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. பலகையில் நார் ஓடுவதைக் காட்டும் கோடுதான் ரேகை. மரவாடியில் எல்லோரும் நேர் ரேகையுள்ள பலகையைத்தான் கேட்பார்கள். கிளை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் அறுத்த பலகையில் ரேகை தானாகவே வளைந்து ஓடும். கதவுக்கும் நிலைக்கும் ஆகாது என்று அதை ஓரமாகப் போட்டிருப்பார்கள். வளைகாலுக்கு அதுதான் தங்கம். அட்டையில் வளைகால் வடிவத்தை வெட்டிக் கையோடு எடுத்துப் போய், ரேகைமேல் வைத்து வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை.

பழைய கலப்பைகளைப் பார்த்தால் இது புரியும். கருவேலத்தில் இயல்பாக வளைந்த கட்டையைத் தேடி எடுத்துத்தான் செதுக்குவார்கள். நேர்க்கட்டையை வளைவாகச் செதுக்கினால் முதல் உழவிலேயே முறியும். அதே மாதிரி தோட்டத்தில் வளைந்த வேம்பு, பூவரசு, கருவேலக் கிளை இருந்தால் அதை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் ஒரே வளைவுள்ள ஜோடியாக எடுக்கலாம். இதைவிட வலுவான கால் கிடையாது. ஆனால் பச்சை மரம். நிழலில் காய வேண்டும், இரண்டு முனையிலும் சாணியோ பெயிண்டோ அப்பி வைக்காவிட்டால் வெடிக்கும். மாதக்கணக்கு ஆகும். காத்திருக்க முடிகிறவர்களுக்கு இது.

தப்பினால்? அறுத்த பக்கம் உள்ளே போய்விட்டால் மொத்தக் காலும் போச்சு.

எப்போது இது நல்ல தேர்வு: வளைவு லேசாக இருக்கும்போது, நீளம் குறைவாக இருக்கும்போது. குழந்தைத் தொட்டிலின் அடிக்கட்டை, பொம்மைக் குதிரை இதற்கெல்லாம் பாரம் குறைவு. நல்ல வைரம் பாய்ந்த பலகையில் தாராளமாக அறுக்கலாம்.

## துண்டுகளை அடுக்கிச் சேர்ப்பது

மாட்டுவண்டிச் சக்கரத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கிறீர்களா? நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், ஆரக்காலின் நுனியில் வட்டை. அந்த வட்டை ஒரே மரமில்லை. சின்னச் சின்ன வளைந்த துண்டுகளைச் சுற்றிக் கோத்து, வெளியே பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்கியது. துண்டு குட்டையாக இருப்பதால் ஒவ்வொன்றிலும் நார் அதிகம் விலகுவதற்குள் துண்டு முடிந்துவிடும். வாய்ச்சியும் உளியும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு டன் நெல்லைத் தாங்கும் வளைவைச் செய்த கணக்கு அது.

நமக்கு இரும்புப் பட்டா கிடையாது. அதற்குப் பதிலாக அடுக்கு, அதாவது மெல்லிய வளைவுத் துண்டுகளின் வரிசைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக் கனம் சேர்ப்பது. 10 இஞ்ச் நீளத் துண்டு என்றால் நுனியில் நாரும் வளைவும் விலகும் கோணம் 7 டிகிரிக்குள் அடங்கிவிடும். எட்டுக்கு ஒன்று சரிவு. அதில் மரம் பெரிதாக வலு இழப்பதில்லை. பிரச்சினை துண்டும் துண்டும் முட்டும் இடம்தான். மரத்தின் தலைமுகத்தைத் தலைமுகத்தோடு ஒட்டினால் பசைக்கு அங்கே பிடியே கிடையாது. அந்த இடத்தில் பக்கத்து அடுக்குதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது.

முதலில் நான் முக்கால் இஞ்ச் பலகையில் இரண்டு அடுக்கு என்று நினைத்தேன். பெரியவர் மூன்று விரலைக் காட்டினார். யோசித்தால் சரிதான்: இரண்டு அடுக்கில் ஒவ்வோர் இணைப்பிலும் பாதிக் கட்டை ‘இல்லை’ என்று அர்த்தம். அரை இஞ்சில் மூன்று அடுக்கு போட்டு, இணைப்புகளை மூன்று மூன்றரை இஞ்ச் தள்ளித் தள்ளி வைத்தால், எந்த இடத்தில் பார்த்தாலும் இரண்டு அடுக்கு முழுசாக ஓடும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றரை அடி ஆரத்துக்கு நூல் கட்டி வரையாதீர்கள், நூல் இழுபடும். ஒரு ரீப்பர் கட்டையில் ஒரு முனையில் ஆணி, 42 இஞ்சில் பென்சில் போக ஓர் ஓட்டை, அதைவிட 2 இஞ்ச் குறைத்து இன்னோர் ஓட்டை. ஆணியைத் தரையில் ஒரு பலகையில் அடித்துச் சுற்றினால் வெளிவளைவும் உள்வளைவும் கிடைத்துவிடும். அதிலிருந்து 10 இஞ்சுக்கு ஓர் அச்சை ஆறு மில்லி பிளைவுட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டும் இந்த ஓர் அச்சிலிருந்துதான், அதுதான் இந்த வழியின் அழகு. ஒரு காலுக்குப் பதினொரு துண்டு, ஜோடிக்கு இருபத்திரண்டு. அரை இஞ்ச் பலகையில் ஜிக்சா பிளேடு சாயாது என்பது கூடுதல் வசதி.

துண்டுகளில் வரிசை எண் பென்சிலில் எழுதிவிடுங்கள். நான் எழுதாமல் முதல் காலை ஒட்டப்போய், பசை பூசிய கையோடு எது எங்கே என்று தேடினேன். வீட்டில் எல்லாரும் வந்து ஆளுக்கொரு துண்டைத் தூக்கி ‘இதுவா, இதுவா’ என்று காட்டினார்கள். பங்குனி வெயில் வேறு. பசை ஏடு கட்டிவிட்டது.

கிளாம்பு குறைவாக இருந்தால் இந்த வழிதான் கை கொடுக்கும். ஓர் அடுக்கை ஒட்டிக் காயவிட்டு அப்புறம் அடுத்த அடுக்கு என்று போகலாம், அவசரமில்லை. கிளாம்பே இல்லையென்றால் உள்பக்கத்திலிருந்து சின்னத் திருகாணி போட்டு இறுக்கி, காய்ந்தபின் கழற்றிவிட்டு ஓட்டையில் மரக்குச்சி அடிக்கலாம். ஒட்டி முடித்ததும் இரண்டு காலையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி, ஒரே கட்டை போல அரம் போட்டுச் சீர் செய்யுங்கள். தனித்தனியாகச் சீர் செய்தால் இரண்டும் ஒரு நாளும் ஒத்துப்போகாது.

மரம் 0.14 கன அடிதான். அதுவும் 10 இஞ்ச் துண்டு என்பதால் பழைய நிலை, உடைந்த கட்டில் சட்டம், தச்சுப் பட்டறை மூலையில் குவிந்திருக்கும் வெட்டுத்துண்டு எல்லாம் உதவும். ஆனால் ஒரே மரமாக இருக்கட்டும். தேக்கையும் மாமரத்தையும் கலந்தால் மழைக்காலத்தில் ஒன்று உப்பும், ஒன்று சும்மா இருக்கும், இணைப்பு திறக்கும்.

மறைமுகச் செலவு, உட்கார்ந்து பார்க்கும்போது தெரிகிற கோடுகள். எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் மேலிருந்து பார்த்தால் இணைப்பு தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது; என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, நாற்காலியின் கால் வந்து இறங்கும் துளை எந்த இணைப்பின் மேலும் விழக் கூடாது. துண்டுகளை வரிசை வைக்கும்போதே துளை வரும் இடத்தைக் குறித்துவிட வேண்டும்.

தப்பினால், தப்பிய துண்டை மட்டும் வேறு வெட்டினால் போதும். ஒட்டும் வரை எதுவும் வீணில்லை.

## பட்டைகளாகக் கிழித்து ஒட்டி வளைப்பது

மரத்தை 4 மில்லிமீட்டர் பட்டைகளாகக் கிழித்தால் கையாலேயே வளையும். பன்னிரண்டு பட்டையில் பசை பூசி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வளைந்த அச்சில் இறுக்கிக் காயவிட்டால் அப்படியே நின்றுவிடும். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வளைவோடு வளைவாக ஓடும். வலுவில் இதற்கு நிகர் இயல்பாக வளைந்த கிளை மட்டும்தான். பார்க்கவும் அழகு. பக்கவாட்டில் மெல்லிய வரிகள், பத்தமடைப் பாய் விளிம்பு மாதிரி.

சங்கடம் பட்டை கிழிப்பதில் ஆரம்பிக்கிறது. வட்டரம்பம் ஒரு வெட்டுக்கு மூன்று மில்லியைத் தூளாக்கும், இழைக்க ஒரு மில்லி போகும். 4 மில்லி பட்டைக்கு 8 மில்லி மரம். பாதிக்குப் பாதி தூள். ஜோடிக்கு இருபத்திநாலு பட்டை எடுக்க 0.25 கன அடி ஆகிவிடும். ஜிக்சாவால் இதைக் கிழிக்கவே முடியாது. பட்டையின் கனம் அங்கே இங்கே மாறினால் இடையில் பசை நிற்காது. அதனால் அறுவை மில்லுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செங்கோட்டைப் பக்கம் மில் நிறைய. ஆனால் பெரிய மில்லில் இந்தச் சில்லறை வேலைக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். சின்னத் தச்சுப் பட்டறையில் டேபிள் ரம்பம் இருக்கும், மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் போய்க் கேட்டால் கிழித்துத் தருவார்கள்.

அப்புறம் கிளாம்பு. மூன்று இஞ்சுக்கு ஒன்று என்றால் பத்துக்குக் குறையாமல் வேண்டும். இல்லாதவர்களுக்கு இரண்டு தந்திரம். தடித்த பிளைவுட்டில் வளைவு நெடுகக் கட்டைகளைத் திருகி நிறுத்தி, பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் ஆப்பு அடித்து இறுக்குவது ஒன்று. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி, இழுத்து இழுத்துச் சுற்றுவது இன்னொன்று. டியூப் சுற்று நம்ப முடியாத இறுக்கம் கொடுக்கும். ஆனால் பட்டைகள் பக்கவாட்டில் வழுக்கும், அங்கங்கே ஒரு கிளாம்பு போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் இரண்டாவது ஜோடி இப்படி உருவானதுதான்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பசை நல்ல பசைதான், அடுக்குச் சேர்ப்புக்குப் போதும். ஆனால் வளைத்து ஒட்டிய பட்டைகள் எந்நேரமும் நிமிரப் பார்க்கும். அந்த இழுவையில் வெள்ளைப் பசை மெல்ல மெல்ல இடம் கொடுக்கும், வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும். இரண்டு டப்பா கலந்து பூசும் எபாக்சி அப்படி நகராது. விலை கூடுதல். நம்மூர் சித்திரை வெயிலில் கலந்த எபாக்சி கிண்ணத்திலேயே சூடேறி இறுகும். விடியற்காலையில் ஒட்டுங்கள், அகலத் தட்டில் பரப்பி வைத்துப் பூசுங்கள். உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம். பன்னிரண்டு பட்டைக்குப் பசை பூசி, அடுக்கி, இறுக்கி முடிக்கத் தனியாளால் ஆகாது.

அச்சிலிருந்து எடுத்ததும் கொஞ்சம் நிமிரும். பட்டை எண்ணிக்கை கூடக் கூட நிமிர்வு குறையும். பன்னிரண்டு பட்டையில் கண்ணுக்குத் தெரியாது. நாலு பட்டையில் தெரியும்.

தப்பினால் திருத்தமே கிடையாது. பசை இறுகிய பிறகு ஒரு பட்டை நகர்ந்திருந்தால் அந்தக் கட்டை விறகுக்குக்கூட ஆகாது, எரித்தால் நாறும்.

## ஆவியில் வளைப்பது

படம் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஆசை வருவது இதில்தான். ஆவி என்றால் நமக்கு இட்லிக் கொப்பரை இருக்கிறதே என்று தோன்றும். ஓர் இஞ்ச் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது பொதுக்கணக்கு, அப்போது நாரைப் பிணைத்திருக்கும் பொருள் இளகி மரம் வளையும்.

சிக்கல் எங்கே என்றால், ஆவி பட்ட மரம் உள்பக்கம் நன்றாக நெரியும், வெளிப்பக்கம் இழுபடாது. ஒன்றரை இரண்டு சதவீதம் நீண்டாலே பிய்யும். 2 இஞ்ச் உயரக் கட்டையை 42 இஞ்ச் ஆரத்துக்கு வளைத்தால் வெளிப்பக்கம் இரண்டு சதவீதத்துக்கு மேல் நீள வேண்டிவரும். அதனால் வெளிப்பக்கத்தில் இரும்புத் தகட்டைப் பிடித்து, இரண்டு முனையிலும் தடுத்து, தகட்டோடு சேர்த்துத்தான் வளைக்க வேண்டும். சூட்டுப் பெட்டி, தகடு, அச்சு, கையுறை, இரண்டு ஆள், ஒரு நிமிஷத்துக்குள் முடிக்கும் வேகம். பிவிசி குழாயில் ஆவிப் பெட்டி செய்தால் குழாயே இளகித் தொங்கும். ஆவி வெளியேற வழி வைக்காமல் மூடினால் ஆபத்து. சூளையில் காய்ந்த மரம் சரியாக வளையாது. வளைத்ததும் வாரக்கணக்கில் அச்சிலேயே காய வேண்டும்.

மரத்தை வளைத்து நாற்காலி செய்வதில் பேர்பெற்ற மைக்கேல் தோனெட் 1859-ல் வெளியிட்ட 14-ம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு என்று பெயர் வாங்கியது. அவரே 1830-களில் பட்டைகளை ஒட்டி வளைத்துத்தான் ஆரம்பித்தார், அப்புறம்தான் ஆவிக்குப் போனார். ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் செய்கிறவருக்கு ஆவி லாபம். ஒரு ஜோடிக்காக இந்த ஏற்பாடு, சொல்லப்போனால், ஒரு தோசைக்கு ஓட்டல் கட்டுகிற கதை. எனக்கும் ஆசை இருக்கிறது. நாற்காலி உடையாதபோது செய்து பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

## வெளியே கொடுத்துச் செய்வது

கதவில் பூ வேலை வெட்டும் சிஎன்சி (கணினி சொல்கிறபடி வெட்டும் மெஷின்) கடைகள் இப்போது எங்கும் வந்துவிட்டன. அளவு கொடுத்தால் மில்லி பிசகாமல் வெட்டித் தருவார்கள். ஆனால் அந்த மெஷின் என் ஜிக்சா செய்ததைத்தான் அழகாகச் செய்கிறது: நேர்ப்பலகையில் வளைவை வெட்டுகிறது. நார் அதற்குத் தெரியாது. பலகையை நீங்கள்தான் ரேகை பார்த்துக் கொடுக்க வேண்டும், எந்தப் பக்கம் எப்படி வைக்க வேண்டும் என்று நின்று சொல்ல வேண்டும். அடுக்கு வழிக்கு இருபத்திரண்டு துண்டையும் அங்கே வெட்டி வாங்கி வீட்டில் ஒட்டுவது நல்ல யோசனை, ஒரே அச்சில் அச்சடித்தாற்போல் வரும்.

நாற்காலியில் உடைந்தது வளைகால் இல்லாமல் உருண்டையான கைத்தூணோ முதுகுக் குச்சியோ என்றால் யோசிக்கவே வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைகிற கடைசல் பட்டறைக்கு மாதிரித் துண்டைக் கொண்டு போங்கள். வளைவுக்குக் கடைசல் உதவாது.

நல்ல தச்சர் கிடைத்தால் அவரிடமே விட்டுவிடலாம்தான். ஆனால் வீட்டு வேலை, கிச்சன் கபோர்டு என்று அவர்கள் கை ஓயாத காலம். ஒரு நாற்காலிக் காலுக்கு ‘அடுத்த வாரம்’ என்பது எத்தனை வாரம் ஓடும் என்று சொல்ல முடியாது.

## ஒரு பார்வையில்

| வழி | நார் | கட்டாயம் வேண்டியது | மரம் (ஜோடிக்கு, கன அடி) | ஆகும் காலம் | தப்பினால் |
|---|---|---|---|---|---|
| நேர்ப்பலகையில் அறுப்பது | நுனியில் அறுபடும் | ஜிக்சா அல்லது கைரம்பம், அரம் | 0.2 | ஒரு நாள் | முழுக் காலும் வீண் |
| வளைந்த ரேகைப் பலகை அல்லது கிளை | வளைவோடு ஓடும் | தேடும் பொறுமை | கிடைப்பதைப் பொறுத்து | பலகை ஒரு நாள், பச்சைக் கிளை மாதக்கணக்கு | வேறு கட்டை தேட வேண்டும் |
| மூன்று அடுக்குத் துண்டு | கிட்டத்தட்ட வளைவோடு | ஜிக்சா, நாலு கிளாம்பு | 0.14 | நாலைந்து நாள், விட்டு விட்டு | அந்தத் துண்டு மட்டும் |
| பட்டை ஒட்டுதல் | முழுக்க வளைவோடு | டேபிள் ரம்பம், பத்துக் கிளாம்பு அல்லது ஆப்பு அச்சு, உதவியாள் | 0.25 | அச்சோடு சேர்த்து ஒரு வாரம் | திருத்தமில்லை |
| ஆவி | முழுக்க வளைவோடு | ஆவிப் பெட்டி, தகடு, அச்சு, இரண்டு ஆள் | உபரிக் கட்டை சேர்த்து 0.25 | ஒரு மாதம் | திருத்தமில்லை |

## கேட்டவர்களுக்கு

பேட்டைத் தம்பிக்கு அடுக்கு வழிதான். ஜிக்சா, நாலு கிளாம்பு, சனி ஞாயிறு மட்டும் நேரம், முதல் தடவை. இந்த நாலுக்கும் அது ஒன்றுதான் பொருந்தும். ஐப்பசி அடைமழைக்குள் ஒட்டி முடித்துவிடச் சொன்னேன். ஈரக்காற்றில் வெள்ளைப் பசை காய அதிக நேரம் எடுக்கும், அதுவரை கிளாம்பைக் கழற்றக் கூடாது.

வள்ளியூர் அண்ணாச்சிக்கு முதலில் நான் அடுக்கையே சொன்னேன். “இருபத்திரண்டு துண்டைக் கைரம்பத்துல அறுக்க நான் என்ன வேலையில்லாதவனா?” என்றார். நியாயம்தான். தோட்டத்தில் போன வருஷம் காற்றுக்குச் சாய்ந்த வேம்பு ஒன்று கிடக்கிறதாம், அதில் வில் மாதிரி ஒரு கிளை. ஒரு வருஷம் கிடந்ததால் ஓரளவு காய்ந்திருக்கும். பிளந்து பார்த்து, வண்டு துளைக்காமல் உள்ளே வைரம் இருந்தால் அவருக்கு அதைவிட நல்ல கட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது. வைரத்துக்கு வெளியே உள்ள வெள்ளை மரத்தை முழுக்கச் செதுக்கி எறியச் சொல்லியிருக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி அக்காவுக்கு அழகு முக்கியம், வீட்டில் கல்லூரிக்குப் போகிற மகன் உதவிக்கு இருக்கிறான், பக்கத்திலேயே டேபிள் ரம்பம் உள்ள பட்டறை. அதனால் பட்டை ஒட்டும் வழி. செய்தும் முடித்துவிட்டார்கள். போன வாரம் பேசும்போது ஒரு குறை சொன்னார்: ஆடும்போது ஓர் இடத்தில் ‘டக்’ என்று தட்டுகிறது.

அது எங்கேயோ ஒரு சின்னத் தட்டை. கையால் தடவினால் தெரியாது. தரையில் சாக்பீஸைப் பொடித்துப் பரப்பி, நாற்காலியை மெதுவாக ஒரு தரம் முன்னும் பின்னும் உருட்டித் தூக்கினால் வளைகாலின் அடியில் வெள்ளை ஒட்டியிருக்கும். விட்டுப்போன இடம் பள்ளம். அதன் இரண்டு பக்கத்து மேட்டையும் இழைப்புளியால் ஒரே ஒரு சீவல், மறுபடி பொடி, மறுபடி உருட்டு. எனக்கு ஏழு தடவை ஆனது. அக்கா மூன்றாவது தடவையில் இருக்கிறார்.